காஞ்சிக்கு ஓர் ஆற்றுப்படை
(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன் பேசிய பெரியோர் பஞ்ச அணுவிரதங்களைப் பற்றியும், பகவான் மகாவீரரின் தவ வாழ்வைப் பற்றியும் அரிய கருத்துகளை வழங்கினார்கள். நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் சற்று எளியது. ஒரு பழம்பெரும் நகரத்தை, விவரம் அறிந்த ஒருவரின் துணையோடு நடந்து பார்ப்பது பற்றியே நான் பேசப் போகிறேன். விழா மேடைக்கு இது பொருத்தமா என்று சிலர் எண்ணக்கூடும். பொருத்தமே என்பதை இறுதிக்குள் நீங்களே ஒப்புக்கொள்வீர்கள் என நம்புகிறேன்.

ஊர் காண்பதற்கு வழிகாட்டி வைத்துக்கொள்ளும் வழக்கம் மேலைநாட்டிலிருந்து வந்தது என்று இன்றைய இளைஞர்கள் நினைக்கிறார்கள். தமிழர்களாகிய நாமோ வழிகாட்டுதலுக்கென்றே ஓர் இலக்கிய வகையைப் படைத்தவர்கள். வள்ளலைக் கண்டு பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிர்ப்படும் இன்னொரு கலைஞனுக்கு வழி சொல்லி அனுப்புவதே ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் இவ்வகையைச் சேர்ந்தவை. அவற்றுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. 500 அடிகள் கொண்டது. அது பாணனுக்குக் காட்டும் வழி எங்கே சென்று முடிகிறது? தொண்டைமான் இளந்திரையன் ஆண்ட காஞ்சி மாநகரில். ஆகவே காஞ்சிக்கு வழிகாட்டும் பணி ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமை உடையது.

இன்னொரு வழிகாட்டியையும் நினைவூட்ட விரும்புகிறேன். புகாரை விட்டு மதுரைக்கு நடந்த கோவலனுக்கும் கண்ணகிக்கும் துணையாகச் சென்றவர் யார்? நம் சமயத்துத் துறவியாகிய கவுந்தியடிகள். நாடுகாண் காதையில் அவர் செய்யும் முதற்பணி, வழியின் இயல்பை எடுத்துரைப்பது. சோலை வழியே சென்றால் நேரும் இடர் எது, வயல் வழியே சென்றால் நேரும் இடர் எது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார். வயல் வழியே நடப்போர் காலடியில் நண்டும் நத்தையும் மிதிபட்டுத் துன்புறுமே என்று அவர் கவலைப்படும் இடம், அகிம்சையை அடியளவிலும் கடைப்பிடித்த ஒரு நெஞ்சத்தின் சான்று. வழிகாட்டுதல் என்பது நம் மரபில் அறச்செயலாகவே இருந்தது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இக்காலத்து முறைக்கு வருவோம். சென்னையில் மயிலாப்பூரிலும் ஜார்ஜ் டவுனிலும், மதுரையிலும், தஞ்சையிலும், காஞ்சியிலும் இன்று நடைப் பயணங்கள் நடத்தப்படுகின்றன. அவை இருவகைப்படும். பலர் ஒன்றாகக் கூடிச் செல்வது ஒன்று. ஒரு குடும்பத்தினர் மட்டும் தமக்கென ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொள்வது மற்றொன்று. பின்னதில் கட்டணம் கூடும். எனினும் முதியவர்களின் நடைக்கேற்ப நின்று செல்லலாம்; பிள்ளைகள் எத்தனை கேள்வி வேண்டுமானாலும் கேட்கலாம்; விரும்பிய இடத்தில் கூடுதல் நேரம் செலவிடலாம். அமர்த்துமுன் வழிகாட்டி சுற்றுலாத் துறையின் அங்கீகார அட்டை உடையவரா என்று பார்த்துக்கொள்வதும், கட்டணத்தையும் பார்க்கப்போகும் இடங்களையும் முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்வதும் நல்லது.

சென்ற தைத் திங்களில் நானும் என் மனைவியும், மகள், மருமகன், ஒன்பதாம் வகுப்புப் பயிலும் பெயர்த்தி ஆகியோரும் அவ்வாறு ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொண்டு காஞ்சிபுரத்தைக் கண்டு வந்தோம். தாம்பரத்தில் வாழும் நமக்குக் காஞ்சி தொலைவன்று. செங்கற்பட்டு வழியாக மின்ரயில் செல்கிறது. முடிச்சூர், படப்பை, ஒரகடம், வாலாஜாபாத் வழியாகப் பேருந்துச் சாலையும் உண்டு. விடியற்காலையில் புறப்பட்டால் காலை உணவு வேளைக்குள் காஞ்சியில் இருக்கலாம்.

எங்களுக்கு வாய்த்த வழிகாட்டி முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்கவர்; காஞ்சியிலேயே பிறந்து வளர்ந்தவர். அவரைக் குறை சொல்வதற்கு எதுவுமில்லை. கயிலாசநாதர் கோயிலில் இராசசிம்மன் காலத்து மணற்கல் சிற்பங்களையும், சுற்றுச்சுவரை ஒட்டிய சிறு சிறு கோயில்களில் எஞ்சியுள்ள பல்லவர் கால ஓவியத் துணுக்குகளையும் பொறுமையோடு காட்டினார். வைகுந்தப் பெருமாள் கோயில் திருச்சுற்றில் பல்லவர் வரலாறு சிற்ப வரிசையாக அமைந்திருப்பதையும், சிறுவனாகிய நந்திவர்மனைத் தேடிச் சென்று அழைத்து வந்து முடிசூட்டிய கதையையும் என் பெயர்த்தி கண் இமைக்காமல் கேட்கும்படி சொன்னார். ஏகாம்பரநாதர் கோயில் இராசகோபுரம் கிருஷ்ணதேவராயர் 1509இல் எழுப்பியது என்றார். பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டுத் தறியருகே எங்களை நிறுத்தி, பட்டுச்சேலையின் உடலும் கரையும் தனித்தனி நிறத்தில் நெய்து இணைக்கப்படும் கோர்வை முறையை விளக்கச் செய்தார். ஆசிரியப் பணியில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அவர் ஒரு நல்ல ஆசிரியர்.

நடை முடியும் வேளையில் அவர், "சிவகாஞ்சியும் விஷ்ணுகாஞ்சியும் சேர்ந்ததுதான் காஞ்சி மாநகரம். இரண்டையும் பார்த்துவிட்டீர்கள்" என்று நிறைவுரை கூறினார். அப்போது என் பெயர்த்தி, "தாத்தா, ஜினகாஞ்சி என்று நீங்கள் சொல்வீர்களே, அது இந்தக் கணக்கில் ஏன் வரவில்லை?" என்று கேட்டாள்.

கேள்வி என்னிடம் கேட்கப்பட்டது. விடை கூறியவர் வழிகாட்டி. "ஐயா, திருப்பருத்திக்குன்றத்தில் ஒரு சமணக் கோயில் இருப்பது எனக்குத் தெரியும். அங்கே அழைத்துப் போகும்படி யாரும் என்னைக் கேட்டதில்லை. போனாலும் அங்கே என்ன சொல்வதென்று எனக்குச் சொல்லித் தந்தவர் எவருமில்லை" என்றார்.

அன்பர்களே, இந்த இரண்டு வாக்கியங்களை உங்கள் முன் வைப்பதற்காகவே நான் இன்று எழுந்து நின்றேன். வழிகாட்டி வேண்டுமென்றே எதையும் மறைக்கவில்லை. கேட்பவர் இருந்தால் அவர் காட்டுவார். கற்பிப்பவர் இருந்தால் அவர் கற்றுக்கொள்வார். கேட்க வேண்டியவர்களும் கற்பிக்க வேண்டியவர்களும் நாமே அல்லவா?

பிற்பகலில் அவரையும் உடன் அழைத்துக்கொண்டு திருப்பருத்திக்குன்றம் சென்றோம். காஞ்சி நகரின் தென்மேற்கே, வேகவதி ஆற்றங்கரையில், சில கிலோமீட்டர் தொலைவில்தான் அவ்வூர் இருக்கிறது. அங்குள்ள இரு ஆலயங்களுள் சந்திரப்பிரபர் ஆலயம் பல்லவர் பாணியில் அமைந்தது. அதன் கருவறை தரைத்தளத்தில் இல்லை, மேல்தளத்தில் இருக்கிறது. அருகிலுள்ள திரைலோக்கியநாதர் ஆலயமே பெரியது. வர்த்தமானர் அங்கே மூலவர். சோழ மன்னர் காலக் கல்வெட்டுகளும் விஜயநகரக் காலக் கல்வெட்டுகளும் அங்கு உள்ளன. ஆலயத்தின் முன்னுள்ள சங்கீத மண்டபம், விஜயநகரப் பேரரசின் அமைச்சராகவும் தண்டநாயகராகவும் விளங்கிய இருகப்பர், தம் குருவாகிய புட்பசேன முனிவரின் கட்டளைப்படி 1387-88இல் கட்டுவித்தது. விஜயநகரத் தலைநகராகிய ஹம்பியில் குந்துநாதருக்கு ஆலயம் எடுத்தவரும் இதே இருகப்பர்தாம்.

அம்மண்டபத்தின் கூரையை அண்ணாந்து பார்த்த வழிகாட்டி நெடுநேரம் பேசவேயில்லை. ரிஷபதேவரின் வரலாறும், வர்த்தமானரின் வரலாறும், நேமிநாதரின் உறவினரான கண்ணனின் வரலாறும், தருமதேவியின் கதையும் அங்கே வண்ண ஓவியங்களாக வரிசை வரிசையாகத் தீட்டப்பட்டுள்ளன. நம் இல்லங்களில் பெரியோர் ஸ்ரீபுராணம் படிக்கக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அக்கூரை ஒரு திறந்த நூல். நீலாஞ்சனையின் நடனத்தைக் கண்டு ஆதிநாதர் வைராக்கியம் அடைந்த வரலாற்றை நான் சொல்லச் சொல்ல, வழிகாட்டி தம் குறிப்பேட்டை எடுத்து எழுதத் தொடங்கினார். டி.என். இராமச்சந்திரன் என்ற தொல்லியல் அறிஞர் இவ்வாலயங்களைப் பற்றி விரிவாக ஆராய்ந்து எழுதிய நூலைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1934இலேயே வெளியிட்டுவிட்டது என்பதையும் அவருக்குச் சொன்னேன். அறிவு அச்சில் இருக்கிறது. அது நடைபாதைக்கு வந்து சேரவில்லை.

பருத்திக்குன்றின் பழமை இம்மண்டபத்தோடு நின்றுவிடுவதன்று. பள்ளன்கோவில் செப்பேடு என ஒன்று உண்டு. பல்லவ மன்னன் சிம்மவர்மன், பருத்திக்குன்றில் இருந்த வச்சிரநந்திக் குரவருக்கு அமண்சேர்க்கை என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக வழங்கிய செய்தியை அது கூறுகிறது. சிம்மவர்மன் சிம்மவிஷ்ணுவின் தந்தை, மகேந்திரவர்மனின் பாட்டன். அப்படியானால், கயிலாசநாதர் கோயில் எழுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே நம் ஆசாரியர்கள் அங்கே இருந்தார்கள் என்பது தெளிவு. ஏழாம் நூற்றாண்டில் காஞ்சிக்கு வந்த சீனப் பயணி யுவான்சுவாங், அங்கே நிர்கிரந்தர் பலர் வாழ்ந்தனர் என்று எழுதி வைத்துள்ளார். தில்லி, கொல்லாபுரம், பெனுகொண்டா ஆகியவற்றோடு ஜினகாஞ்சியையும் சேர்த்து நான்கு வித்தியாஸ்தானங்கள் என நம் மரபு போற்றும். காலத்தின் மாற்றத்தால் மடம் மேல்சித்தாமூருக்குப் பெயர்ந்தாலும், ஜினகாஞ்சி மடம் என்ற பெயரை அது இன்றளவும் விடவில்லை. ஊர் மாறிய பின்னும் பெயரைக் காத்த மரபு நம்முடையது. அப்பெயர் குறிக்கும் ஊரை நம் பிள்ளைகளுக்குக் காட்டாமல் விடலாமா?

இதில் வேறொரு கவலையும் உண்டு. சொல்லாமல் விடப்படுவது ஒரு குறை. தவறாகச் சொல்லப்படுவது மற்றொரு குறை. சமணம் என்றதும் மதுரைக் கழுவேற்றக் கதையை மட்டும் சொல்லி முடித்துவிடும் வழிகாட்டிகள் பலர். பெரியபுராணத்தில் வரும் அக்கதையைக் கேட்கும் பயணி, ஏழாம் நூற்றாண்டோடு தமிழகத்தில் சமணம் முடிந்துபோயிற்று என்று எண்ணிக்கொண்டு ஊர் திரும்புவார். ஆனால் மதுரையைச் சூழ்ந்த குன்றுகளுக்குச் சென்று பாருங்கள். கீழக்குயில்குடியிலும் யானைமலையிலும் உள்ள தீர்த்தங்கரர் திருவுருவங்களும் அவற்றின் கீழுள்ள வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் ஒன்பது, பத்தாம் நூற்றாண்டைச் சார்ந்தவை. அச்சணந்தி முனிவரின் பெயர் குன்றுதோறும் வெட்டப்பட்டிருக்கிறது. கதை முடிந்துவிட்டது என்று வாய் சொல்கிறது. முடியவில்லை என்று பாறை சொல்கிறது. இவ்வளவு ஏன், இந்த மண்டபத்தில் நிறைந்திருக்கும் நீங்களே அதற்குச் சான்று.

இதற்காக யாரோடும் சினங்கொள்ள வேண்டியதில்லை. அநேகாந்தவாதத்தை உலகிற்கு அளித்த சமயம் நம்முடையது. எப்பொருளுக்கும் பல பக்கங்கள் உண்டு. ஒரு பக்கத்திலிருந்து காணும் காட்சியை நயம் என்கிறோம். வழிகாட்டி காட்டிய காஞ்சி ஒரு நயம். அது பொய்யன்று, முழுமையும் அன்று. அவர் காட்டியதை மறுப்பது நம் வேலையன்று. அதனோடு நம் நயத்தையும் கொண்டுபோய்ச் சேர்ப்பதே நம் வேலை. சிவகாஞ்சியும் விஷ்ணுகாஞ்சியும் ஜினகாஞ்சியும், மணிமேகலை அறவண அடிகளிடம் அறம் கேட்ட புத்தகாஞ்சியும் சேர்ந்தால்தான் காஞ்சி மாநகரம் நிறைவடையும்.

இது நடக்கக்கூடியதா என்று கேட்பீர்கள். மதுரையில் நடந்திருக்கிறது. பசுமை நடை என்னும் அமைப்பு 2010 முதல் பொதுமக்களை விடியற்காலையில் சமணக் குன்றுகளுக்கு நடத்திச் செல்கிறது. தொல்லியல் அறிஞர்கள் அங்கே நின்று கல்வெட்டுகளைப் படித்துக் காட்டுகிறார்கள். வருவோரில் பெரும்பாலோர் நம் சமயத்தவர் அல்லர். மதுரையின் கடைக்காரர்களும் ஆசிரியர்களும் மாணவர்களும்தாம். மக்கள் நடக்கத் தொடங்கிய இடத்தைக் காக்கவும் ஆள் உண்டாகிறது. அரிட்டாபட்டி 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டதை நாம் அறிவோம். அங்கேயும் சமணப் படுகையும் தீர்த்தங்கரர் திருவுருவமும் உள்ளன.

கடல் கடந்தும் எடுத்துக்காட்டு உண்டு. ஸ்பெயின் நாட்டில் டொலேடோ என்றொரு பழைய நகரம். 1492இல் யூதர்கள் அந்நாட்டை விட்டே வெளியேற்றப்பட்டார்கள். ஆயினும் பதினான்காம் நூற்றாண்டில் சாமுவேல் ஹலேவி கட்டுவித்த தொழுகைக்கூடம் இன்று அங்கே அருங்காட்சியகமாக நிற்கிறது. அந்நகரை நடந்து காண வருவோர் யூதர் தெருக்களையும் கண்டே திரும்புகின்றனர். மக்களே இல்லாத தெருவுக்கு அங்கே வழிகாட்டுகிறார்கள். நாமோ இருக்கிறோம். வந்தவாசி, திண்டிவனம், ஆரணி, செஞ்சி வட்டங்களின் ஊர்களிலும் இருக்கிறோம். இந்தத் தாம்பரத்திலும் இருக்கிறோம்.

ஆகவே நம் அறக்கட்டளைக்கும் உங்களுக்கும் சில கருத்துகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, ஜினகாஞ்சிக்கென அரைநாள் நடைத்திட்டம் ஒன்று எழுதப்பட வேண்டும். கயிலாசநாதர் கோயிலில் தொடங்கி, பிள்ளையார்பாளையம் வழியாகத் திருப்பருத்திக்குன்றத்தில் முடியலாம். எங்கே நிற்பது, எதைக் காட்டுவது, எந்தக் கதையைச் சொல்வது என்று எட்டுப் பக்கங்களில் எளிய தமிழில் அச்சிட்டால் போதும். அதை நாம் படிப்பதோடு நில்லாமல், காஞ்சியில் பணிபுரியும் வழிகாட்டிகளுக்கு இலவசமாக வழங்க வேண்டும். நான் எங்கள் வழிகாட்டிக்கு நான்கு பக்கக் குறிப்பொன்று எழுதி அனுப்பினேன். இரண்டு திங்கள் கழித்து அவரே தொலைபேசியில் அழைத்து, பெங்களூரிலிருந்து வந்த ஒரு குடும்பத்தை அங்கே அழைத்துச் சென்றதாகவும், அவர்கள் ஓவியங்களை விட்டு நகர மனமின்றி நின்றதாகவும் சொன்னார்.

இரண்டாவது, நம் இளைஞர்களில் ஐவராவது இதைக் கற்றுக்கொள்ள வேண்டும். கல்லூரியில் எந்தப் பாடம் படித்தாலும் சரி. திங்களுக்கு ஒரு ஞாயிறு போதும். ஒரு கல்வெட்டின் செய்தியைப் பத்துப் பேர் முன்னிலையில் தெளிவாகச் சொல்லப் பழகிய பிள்ளை, தன் சமயத்தைப் பற்றி யார் கேட்டாலும் தயங்காமல் விடை சொல்லும்.

மூன்றாவது, நாமே வழிகாட்டி அமர்த்தி ஊர் காணும்போது, எந்த ஊராயினும், "இங்கே சமணச் சின்னம் என்ன உண்டு?" என்று ஒரு கேள்வி கேட்போம். பணிவோடு கேட்போம். மயிலாப்பூருக்குச் சென்றாலும் கேட்கலாம். அங்கே கோயில் கொண்டிருந்த நேமிநாதரைப் போற்றித்தான் அவிரோதியாழ்வார் திருநூற்றந்தாதி பாடினார். குணவீர பண்டிதர் தம் இலக்கண நூலுக்கு நேமிநாதம் என்று பெயர் சூட்டினார். மூவர் கேட்டால் வழிகாட்டி நினைவில் வைப்பார். முப்பது பேர் கேட்டால் அது அவருடைய வழக்கமான உரையில் இடம்பெறும்.

நான்காவது, நடையில் நம் ஒழுக்கத்தையும் காப்போம். காலடி பார்த்து நடப்போம். ஓவியங்களைத் தொடவும் வேண்டாம். அவற்றின்மீது பளிச்சொளி பாய்ச்சிப் படம் எடுக்கவும் வேண்டாம். திருப்பருத்திக்குன்றம் மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். வழிபாடும் நடைபெறும் இடம். பொழுது சாயுமுன் உணவு கொள்ளும் வகையில் நேரத்தை வகுத்துக்கொள்வோம். வழிகாட்டியின் உழைப்புக்கு உரிய கட்டணத்தைப் பேரம் பேசாமல் கொடுப்போம். அவரும் ஒரு குடும்பத்தைக் காப்பவர்.

அன்பர்களே, ஆற்றுப்படையின் இலக்கணம் என்ன? பெற்றவன் பெறாதவனுக்கு வழி சொல்வது. நாம் பெற்றவர்கள். ஸ்ரீபுராணத்தைப் பெற்றோம், சிலம்பையும் சிந்தாமணியையும் பெற்றோம், கல்லிலும் செம்பிலும் எழுதி வைத்த சான்றுகளைப் பெற்றோம். பெறாதவர்கள் இருவர். நகரைக் காண வரும் அயலார் ஒருவர். நம் வீட்டில் வளரும் பிள்ளை மற்றொருவர். இவ்விருவருக்கும் வழி சொல்லும் கடமை நமக்கு உண்டு. அடுத்த ஆண்டு இதே விழா மேடையில் நம் இளைஞர் ஒருவர் எழுந்து, ஜினகாஞ்சிக்கு இத்தனை பேரை அழைத்துச் சென்றேன் என்று சொல்வாராயின், அதைக் கேட்டு மகிழ முதல் வரிசையில் நான் அமர்ந்திருப்பேன்.

வாழ்க அறம்! வளர்க நல்லுறவு! ஜெய் ஜினேந்திரா!